சிட்னியில் பாய்ப்படகு கிளப்: புதன் ரேஸா, சனி ஞாயிறு க்ரூஸிங்கா, வெறும் சமூக உறுப்புரிமையா?

கோயில் மண்டபத்தில் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது "நீங்கள் யாட் கிளப்பில் இருக்கிறீர்களாமே" என்று யாராவது தொடங்கினால் அடுத்த இரண்டு கேள்விகளும் எனக்கு மனப்பாடம். சொந்தமாகப் படகு வேண்டாமா? பெரிய காசு செலவாகாதா? இரண்டுக்குமே 'இல்லை' என்பதுதான் என் பதில். சிட்னித் துறைமுகத்தில் ஒரு சின்ன கிளப்பில் எட்டு வருடமாக இருக்கிறேன், அதில் முதல் ஆறு வருடம் எனக்கென்று ஒரு துடுப்புக்கூடக் கிடையாது. இப்போது இருப்பதும் நான்கு குடும்பங்கள் பங்கு போட்டு வாங்கிய பழைய 28 அடிப் படகு.

உண்மையாகக் கேட்க வேண்டிய கேள்வி வேறு. கிளப்புக்குள் போனபின் எந்தப் பக்கம் சேர்வது? ஒரே கட்டடம், ஒரே ஜெட்டி, ஆனால் உள்ளே மூன்று விதமான வாழ்க்கை நடக்கிறது: ரேஸ் ஓடுகிறவர்கள், போட்டியில்லாமல் ஆறுதலாகப் படகில் ஊர் சுற்றும் க்ரூஸிங் போகிறவர்கள், கரையில் இருந்து சாப்பிட்டுக் கதைத்துவிட்டுப் போகிறவர்கள். கிழமையில் ஒரு நாள்தான் கைவசம் இருக்கிறது, வீட்டில் பிள்ளைகள் வேறு, என்றால் மூன்றையும் பிடிக்க முடியாது.

ரேஸும் க்ரூஸிங்கும் எதிரும் புதிரும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் சிட்னியிலிருந்து தாஸ்மானியாவின் ஹோபார்ட் வரை ஓடும் ஹோபார்ட் ரேஸை நடத்தும் கிளப்பின் பெயரைப் பாருங்கள், 'க்ரூஸிங் யாட் கிளப் ஒவ் அவுஸ்திரேலியா'. 1944இல் அதைத் தொடங்கியவர்கள் ஆறுதலாக ஊர் சுற்ற விரும்பியவர்கள். 1945 கிறிஸ்துமஸுக்கு ஹோபார்ட் வரை சேர்ந்து போய்வரலாம் என்று திட்டம் போட்டார்கள். அந்த நேரம் சிட்னியில் இருந்த பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஜோன் இல்லிங்வொர்த் அதை ஒரு ரேஸாக நடத்தச் சொன்னார். ஒன்பது படகுகள் புறப்பட்டன. வென்றது அவருடைய 'ராணி'. ஆம், நம் ராணிதான் பெயர்! 628 கடல் மைலை ஓடி முடிக்க அதற்கு ஆறரை நாளுக்கு மேல் எடுத்தது. 2017இல் 'கொமான்ச்சி' அதே தூரத்தை ஒரு நாள் ஒன்பதே கால் மணித்தியாலத்தில் ஓடியது. உலாவப் புறப்பட்ட கூட்டத்திலிருந்துதான் உலகத்தின் கடினமான ரேஸ்களில் ஒன்று பிறந்தது, இன்றைக்கு அதே ஊரில் சில ரேஸ்காரர்கள் க்ரூஸிங் ஆட்களை ஒரு படி கீழே வைத்துப் பேசுவதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும்.

சரி, முதலில் புதன் பின்னேரம்.

கோடையில் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளி வைக்கும் மாதங்களில், அதாவது ஒக்டோபரிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை, துறைமுகத்துக் கிளப்புகள் பலவற்றில் வேலை முடிந்த பின்னேரங்களில் ட்வைலைட் ரேஸ் நடக்கும். இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். பெரும்பாலும் ஸ்பின்னேக்கர் என்கிற அந்தப் பெரிய வயிறு வைத்த பாயை ஏற்றுவதில்லை, அதனால் புதியவர்களையும் பயமில்லாமல் ஏற்றிக்கொள்வார்கள். படகுக்காரர்களுக்கு எப்போதும் ஆள் தட்டுப்பாடு. சொன்ன ஆள் வராவிட்டால் ஜெட்டியில் நிற்கும் உங்களைக் கூப்பிடுவார்கள். ஒரு நாளைக்கு மட்டும் என்று எடுக்கும் பதிவும் இருக்கிறது, வருடச் சந்தா கட்டித்தான் ஏற வேண்டும் என்றில்லை. செலவு என்று பார்த்தால் ரேஸ் முடிந்து ஸ்கிப்பருக்கு ஒரு பியரோ கோப்பியோ வாங்கிக் கொடுப்பதுதான்.

கற்றுக்கொள்ளும் வேகத்தில் ரேஸுக்குப் பக்கத்தில் எதுவும் நிற்காது. ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒரு கொடி ஏறும், நான்கு நிமிடத்தில் நீலத்துக்கு நடுவில் வெள்ளைச் சதுரம் போட்ட இன்னொரு கொடி, ஒரு நிமிடம் இருக்கையில் அது இறங்கும், பூச்சியத்தில் முதல் கொடியும் இறங்க எல்லோரும் தொடக்கக் கோட்டைத் தாண்டுவார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் இருபது முப்பது படகுகள் ஒரு சின்ன இடத்துக்குள் சுற்றிச் சுற்றி வரும். காற்றை வலப்பக்கத்தில் வாங்கி ஓடும் படகுக்கே வழியுரிமை என்ற விதி புத்தகத்தில் படித்தால் மறந்துபோகும், பக்கத்துப் படகிலிருந்து ஒருவர் "ஸ்டார்போர்ட்!" என்று தொண்டை கிழியக் கத்தி, அவருடைய படகின் அணியம், அதாவது முன்முனை, உங்கள் முழங்கைக்குப் பக்கத்தில் வந்து நின்றால் மறக்காது. நான் வல்வெட்டித்துறையில் பிறந்தவன், தைப்பொங்கலுக்குப் பட்டம் விட்டு வளர்ந்தவன். கயிற்றைக் கையில் பிடித்ததும் காற்று எங்கே இழுக்கிறது என்று விரலுக்குத் தெரியும் என்ற நினைப்பில்தான் போனேன். முதல் கிழமையே விளங்கியது, பட்டக் கயிறு இழுத்தால் விரல்தான் வெட்டுப்படும், ஜிப் என்கிற முன்பாயின் கயிறு இழுத்தால் ஆளே போய்விடும்.

முதல் கோடையில் ஒரு நாள் பிராட்லீஸ் ஹெட் முனைக்குப் பக்கத்தில் எங்கள் கவனம் முழுக்க முன்னால் போன படகில் இருந்தது. பின்னால் மேன்லி ஃபெரி ஐந்து தரம் குட்டையாக ஊதியது. 'நீ என்ன செய்யப்போகிறாய் என்று எனக்கு விளங்கவில்லை' என்பதற்கான ஊதல் அது. 70 மீட்டர் நீளக் கப்பல், முன்னால் செம்மஞ்சள் சாய்சதுரம் போட்டிருக்கும். அந்தச் சாய்சதுரம் இருந்தால் பாய்ப்படகுதான் விலக வேண்டும். நாங்கள் விலகினோம், ஆனால் நான் அன்று இரவு நன்றாகத் தூங்கவில்லை. ரேஸின் குறையும் அதுதான், கண் போட்டியில் ஒட்டிக்கொண்டுவிடும். இன்னொன்று, ஒவ்வொருவருக்கும் ஒரே வேலைதான். மூன்று கோடை முழுக்க நான் பாய்க்கயிற்றை இறுக்கும் ஒரே வின்ச் உருளையைத்தான் சுற்றினேன். நங்கூரம் போடத் தெரியாது, கடல் வரைபடம் பார்க்கத் தெரியாது, ஆனால் பாயை எந்த நொடியில் விட வேண்டும், எந்த நொடியில் இழுக்க வேண்டும் என்பது தூக்கத்திலும் வரும்.

குடும்பம் என்று பார்த்தால் ரேஸுக்கு மதிப்பெண் குறைவு. மனைவியும் மகளும் இரண்டு புதன் வந்து கரையில் உட்கார்ந்திருந்தார்கள், மூன்றாம் புதன் வரவில்லை, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

க்ரூஸிங் வேறு உலகம். நான்கைந்து படகுகள் சேர்ந்து ஒரு குடாவுக்குப் போய், இரவு தங்கி, அடுத்த நாள் திரும்புவது. எங்கள் கிளப்பின் வழக்கமான பயணம் வடக்கே பிட்வாட்டருக்கு. துறைமுக வாயிலைத் தாண்டினால் பாரன்ஜோய் கலங்கரை விளக்கம் வரை ஏறத்தாழ 15 கடல் மைல், நல்ல காற்றென்றால் மூன்று மணித்தியாலம். அப்புறம் கௌவன் க்ரீக்கின் உள்ளே ரெஃப்யூஜ் பே. அங்கே ஒரு அருவி நேரே கடற்கரை மணலில் வந்து விழும். பிள்ளைகள் அதன் கீழே போய் நின்றால் வெளியே கூப்பிட முடியாது. இரண்டாம் உலகப் போரில், 1943இல் சிங்கப்பூர்த் துறைமுகத்துக்குள் புகுந்து ஜப்பானியக் கப்பல்களுக்குக் குண்டு வைத்த அணி பயிற்சி எடுத்த இடம் அது, அருவிக்குப் பக்கத்தில் அதற்கு ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. மகள் பள்ளிக்கூடத்துக்கு அதைப் பற்றித்தான் கட்டுரை எழுதிக் கொண்டுபோனாள்.

ராஃப்ட்-அப் என்பது க்ரூஸிங்கின் பெரிய சந்தோஷம். ஒரு படகு நங்கூரம் போடும், மற்றவை அதன் இரண்டு பக்கமும் வந்து ரப்பர்ப் பந்துகளை இடையில் தொங்கவிட்டு ஒன்றோடொன்று கட்டிக்கொள்ளும். பாய்மரங்கள் ஒரே நேர்கோட்டில் வராதபடி கொஞ்சம் முன்பின்னாகக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் அலை ஆட்டும்போது மேலே ஒன்றோடொன்று மோதும். பிறகு ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்குக் கால் எடுத்து வைத்தே போகலாம். ஒரு படகில் இறைச்சி வாட்டுவார்கள், ஒன்றில் சீட்டு விளையாடுவார்கள், எங்கள் படகில் மனைவி ஒடியல் கூழ் காய்ச்சினாள். நண்டும் இறாலும் போட்டது. அதைக் குடித்த பிறகு எழுபது தாண்டிய ஒரு அவுஸ்திரேலியர் என்னிடம் ஊர் எது என்று கேட்டார், நான் அன்னபூரணியின் கதையைச் சொன்னேன். எங்கள் ஊரில் கட்டிய பாய்க்கப்பல், அமெரிக்கர் ஒருவர் வாங்கிப் பெயரை மாற்றி, எங்கள் ஊர் ஆட்களையே மாலுமிகளாக வைத்து, 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை கொண்டுபோனது. மூன்று வருடம் பக்கத்தில் நின்று வின்ச் சுற்றிய ஆட்களோடு இந்தக் கதையைக் கதைக்க எனக்கு ஒரு தரமும் நேரம் வாய்க்கவில்லை.

ஆனால் க்ரூஸிங் சுகமான பக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு ஓகஸ்ட் இரவு பிட்வாட்டரின் கிழக்குக் கரையோரம் நான்கு படகுகளாகக் கட்டிக்கொண்டு ஒரே நங்கூரத்தில் கிடந்தோம். மாலை ஆனதும் கட்டை அவிழ்த்துத் தனித்தனியாகப் போய் நங்கூரம் போட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். கதை சுவாரசியமாக இருந்தது, அவிழ்க்கவில்லை. இரவு இரண்டு மணிக்கு மேற்குக் காற்று எழும்பியது. நான்கு படகின் பாரத்தை ஒரு நங்கூரம் எப்படித் தாங்கும்? கரையைப் பார்த்து எல்லோரும் சேர்ந்து நழுவினோம். இருட்டில், மழையில், இறுகிப்போன கயிறுகளை அவிழ்த்து, ஒவ்வொரு படகாக எஞ்சினை முடுக்கி வெளியே வந்தபோது ஆழமானி இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே காட்டியது. மகள் கீழே தூங்கிக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து நான் எந்த ராஃப்டிலும் பொழுது சாயும்போது முதல் ஆளாகக் கயிற்றை அவிழ்ப்பேன், யாராவது முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

அந்த இரவில் ஒன்று கவனித்தேன். பதறாமல் வேலை செய்தவர்கள் எல்லோரும் ஒரு காலத்தில் ரேஸ் ஓடியவர்கள். கையில் கயிறு கொடுத்தால் யோசிக்காமல் சரியான பக்கம் சுற்றினார்கள். ரேஸே ஓடாமல் நேரே க்ரூஸிங்குக்கு வந்த சிலருக்கு அந்தக் கைவாகு இல்லை, அவர்கள் பகலிலும் பாயை விரிக்காமல் எஞ்சினிலேயே போய் வருகிறவர்கள். மறுபக்கம், வரைபடம் பார்ப்பதும், ஆழத்தைப்போல் நான்கைந்து மடங்கு சங்கிலி விடுவதும், தெற்கே அடிவானத்தில் உருளை மாதிரி மேகம் தெரிந்தால் அது சதர்லி பஸ்டர், இன்னும் கொஞ்ச நேரத்தில் வடகிழக்குக் காற்று நின்று தெற்குக் காற்று அறையும் என்று பார்த்தவுடன் பாயைச் சுருக்குவதும் எனக்கு க்ரூஸிங் சொல்லித் தந்தவை. எங்கள் ஊரில் சோளகக் காற்று பெயர்வதை வீட்டில் பெரியவர்கள் நாட்கணக்கில் முன்பே சொல்வார்கள், இந்தத் தெற்குக் காற்று அப்படி அறிவித்தல் தந்துவிட்டு வராது.

ஆபத்தை வைத்து ஒப்பிட்டால், துறைமுகத்துக்குள் நடக்கும் மாலை ரேஸ் பாதுகாப்பானது, பக்கத்தில் எப்போதும் ஆள் இருக்கும். கடலில் ஓடும் ரேஸ் அப்படியல்ல. 1998 ஹோபார்ட் ரேஸில் 115 படகுகள் புறப்பட்டு 44தான் போய்ச் சேர்ந்தன, ஆறு பேர் இறந்தார்கள், ஐந்து படகுகள் மூழ்கின. அதன் பிறகுதான் பாதுகாப்பு விதிகளும் கடலில் உயிர் பிழைக்கும் பயிற்சியும் இறுக்கப்பட்டன. அந்தப் பயிற்சியைக் க்ரூஸிங் போகிறவர்களும் எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். உடுப்போடும் உயிர்காப்பு அங்கியோடும் நீச்சல் குளத்தில் குதித்து, மிதவைக் கூடாரத்துக்குள் ஏறிப் பார்த்தால்தான் அது எவ்வளவு கடினம் என்று உடம்புக்குத் தெரியும். துறைமுக வாயிலைத் தாண்டி வெளியே போகும்போது மரைன் ரெஸ்கியூ என்ற கடல் மீட்புத் தொண்டர் அமைப்பில் பதிந்துவிட்டுப் போவதும் அப்படித்தான், இலவசம், இரண்டு நிமிட வேலை.

மூன்றாவது, சமூக உறுப்புரிமை. இதில் சொல்ல அதிகம் இல்லை. துறைமுகத்தைப் பார்த்தபடி சாப்பாடு, பரிசளிப்பு விருந்து, எப்போதாவது ஒரு உரை. தண்ணீரில் இறங்க விருப்பமே இல்லாத துணைக்கு எடுத்துக் கொடுக்கலாம். 1862இல் தொடங்கிய ரோயல் சிட்னி யாட் ஸ்குவாட்ரன் போன்ற பழைய கிளப்புகளில் உறுப்பினராவது நடைமுறை நீண்டது, அதற்காகக் காத்திருப்பதைவிட அதே நாளில் சின்ன கிளப் ஒன்றில் படகு ஏறலாம். கரையில் இருந்து பார்ப்பதே போதும் என்றால் சனிக்கிழமை பழைய 18 அடிப் படகுகளின் ரேஸைப் பாருங்கள். 1891இல் மார்க் ஃபோய் தொடங்கிய சிட்னி ஃப்ளையிங் ஸ்குவாட்ரன் நடத்துவது. பார்க்கிறவர்களுக்கு அடையாளம் தெரிய வேண்டும் என்றுதான் அந்தப் பாய்களில் வண்ணச் சின்னங்கள் வந்தன.

கரையோடு சேர்ந்த வேலைகளில் நான் மதிக்கிற ஒன்று இருக்கிறது, ஸ்டார்ட் படகில் தொண்டு செய்வது. கொடி ஏற்றுவது, ஊதுவது, நேரம் எழுதுவது. முழுப் போட்டியும் கண்ணுக்கு முன்னால் நடக்கும், விதிகள் தானாகப் புரியும், என் மனைவி ரேஸுக்குத் திரும்பி வந்தது இந்த வழியால்தான். இப்போது கொடிகள் அவள் பொறுப்பு, நான் முந்திப் புறப்பட்டால் எனக்கும் சேர்த்து ஊதுகிறாள்.

ஆக, ஒரு கோடை முழுக்கப் புதன் ரேஸில் க்ரூவாகப் போங்கள். அதற்கு மேல் ஒரு நாள்தான் இருக்கிறதென்றால், ரேஸை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு க்ரூஸிங் பக்கம் வாருங்கள். நான் மூன்று கோடை எடுத்தேன், அதில் இரண்டு கோடை மகளோடு போயிருக்க வேண்டியவை. பத்து நொட்டுக்கு, அதாவது மணிக்குப் பத்துக் கடல் மைலுக்கு, கீழே ஓடும் பாய்ப்படகைச் செலுத்த இங்கே லைசென்ஸ் தேவையில்லை, அவளே சுக்கான் பிடிக்கலாம், பக்கத்தில் தெரிந்த பெரிய ஆள் இருந்தால் போதும்.

புதன்கிழமை ஐந்து மணிக்கு முன்னால் ஜெட்டிக்குப் போய்விடுங்கள். தளத்தில் கறை படியாத வெள்ளை அடியுள்ள சப்பாத்து, ஒரு மழைச்சட்டை, கையில் தண்ணீர்ப் போத்தல். "எனக்கு ஒன்றும் தெரியாது, 75 கிலோ இருக்கிறேன்" என்று சொன்னால் போதும், காற்று பலமான நாளில் படகு சாயாமல் விளிம்பில் உட்கார வைக்க அந்த 75 கிலோவைத்தான் அவர்கள் தேடிக்கொண்டிருப்பார்கள்.