பிளஸ் டூ கணிதம், இயற்பியல்: டியூஷனா, பழைய வினாத்தாளா?

கோபியிலிருந்து ஈரோட்டுக்கு டியூஷன் போனால் போக வரவே இரண்டு மணி நேரம் பஸ்ஸில் கழிந்துவிடும். அந்த நேரத்தில் வீட்டில் பழைய வினாத்தாள் போடலாமே என்றால், எல்லோருக்கும் அது ஒத்துவராது. மார்க் எங்கே போகிறது என்று விடைத்தாளை எடுத்துப் பாருங்கள்.

கணக்கைத் தொடங்கவே தெரியாமல் விட்டிருந்தால் டியூஷன்தான். தொகையிடலில் எந்தப் பிரதியிடல் எடுப்பது என்பது ஒருவர் எதிரில் போட்டுக் காட்டினால் சீக்கிரம் பிடிபடும். ஐம்பது பேர் உட்காரும் பேட்ச் வேண்டாம். அங்கே சந்தேகம் கேட்க முடியாது.

தெரிந்த கணக்கிலேயே மார்க் போகிறதா? வினாத்தாளை எடுங்கள். கணிதத்தில் 90 மார்க்கில் 35 மார்க், ஐந்து மார்க் கேள்விகளுக்கு. ஏழு கேள்வி, தலா 10 நிமிடம் என்று கடிகாரம் வைத்துப் போடுங்கள். நேர்மாறு அணியில் இணைக்காரணியின் குறிதான் அடிக்கடி தப்பும்; விடையை மூல அணியோடு பெருக்கினால் அலகு அணி வர வேண்டும். இயற்பியலில் அலகு காலை வாரும்: குவியத் தூரம் 20 செ.மீ. என்றால் லென்ஸின் திறன் 1/0.2, அதாவது 5 டையாப்டர். மீட்டராக்க மறந்தவர் 0.05 என்று எழுதுவார்.

விடைக்குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போடுவது வீண் வேலை. தப்பிய கணக்கைத் தனி நோட்டில் குறித்து, மூன்று நாள் கழித்துப் பார்க்காமல் போடுங்கள்.

இரண்டு குறையும் இருந்தால் அரையாண்டு வரை டியூஷன், பிறகு வினாத்தாள் மட்டும்.