கோடைக்குப் பாலைவன வேலை: பிக் பெண்டா, டெத் வேலியா?

ஒரு கோடை முழுவதும் பாலைவனத்தில் தங்கி, வேலை பார்த்துக்கொண்டே மலைப்பாதைகளில் நடக்க வேண்டும் என்று முடிவு செய்தபோது என் முன்னால் இரண்டு அமெரிக்கத் தேசியப் பூங்காக்கள் இருந்தன: டெக்சஸில் பிக் பெண்ட், கலிஃபோர்னியாவில் டெத் வேலி. நான் பிக் பெண்டைத் தேர்ந்தெடுத்து, அங்குள்ள சிசோஸ் பேசினில் ஓர் உணவகத்தில் மே இறுதியிலிருந்து ஆகஸ்ட் இறுதிவரை வேலை செய்தேன். டெத் வேலியில் நான் வேலை செய்ததில்லை. அடுத்த ஆண்டு ஜூலையில், அங்குள்ள ஃபர்னஸ் க்ரீக்கில் வேலை பார்த்த தோழியைப் பார்க்கப் போய் 4 நாள்கள் தங்கியிருக்கிறேன். அந்தப் பக்கம் பற்றி நான் சொல்வதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

சம்பளம், பகிர்ந்துகொள்ளும் அறை, சாப்பாடு ஆகியவற்றில் எங்கள் இருவர் அனுபவத்திலும் பெரிய வேறுபாடு இல்லை. கடைகண்ணிக்குப் போவதில் டெத் வேலிக்கே சாதகம்: ஃபர்னஸ் க்ரீக்கிலிருந்து பாரம்ப் நகரம் ஏறக்குறைய 100 கிலோமீட்டர், சிசோஸ் பேசினிலிருந்து ஆல்பைன் 160 கிலோமீட்டருக்கும் மேல்.

எனக்கு இந்தத் தேர்வைத் தீர்மானித்தது ஒன்றே ஒன்றுதான்: இரவில் படுக்கும் இடம் கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது. சுற்றுலாப் பயணி வெயிலுக்கு ஏற்பத் தன் நாளை மாற்றிக்கொள்ளலாம். வேலைக்குப் போகிறவருக்கு முறைப்பணி போக மிஞ்சும் நேரம்தான் சொந்தம். அந்த நேரத்தில் அறைக்கு வெளியே நடக்க முடியுமா என்பதை உயரமே முடிவு செய்கிறது. சிசோஸ் பேசின் ஏறக்குறைய 1,640 மீட்டர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த கிண்ணம் போன்ற இடம். ஜூனில் பகல் வெப்பம் பெரும்பாலும் 30 டிகிரியை ஒட்டியே இருந்தது. இரவில் போர்வை தேவைப்பட்டது. ஃபர்னஸ் க்ரீக்கோ கடல்மட்டத்துக்கு 58 மீட்டர் கீழே இருக்கிறது. 1913 ஜூலை 10 அன்று 56.7 டிகிரி பதிவானது அங்கேதான். நான் தங்கிய நான்கு இரவுகளிலும் வெப்பம் 32 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. நள்ளிரவில் முகம் கழுவக் குளிர்நீர்க் குழாயைத் திறந்தால் வெந்நீர்தான் வந்தது. கோடையில் காலை 10 மணிக்குப் பிறகு தாழ்நிலத்தில் நடக்க வேண்டாம் என்று பூங்கா நிர்வாகமே எச்சரிக்கிறது. அந்த மண்ணின் மக்களான டிம்பிஷா ஷோஷோனியர், கோடை வந்தால் பள்ளத்தாக்கை விட்டுப் பானமின்ட் மலைகளுக்கு ஏறிவிடுவது வழக்கமாக இருந்தது. வேலைக்குச் சேர்ந்தவரால் அப்படி ஏறிவிட முடியாது.

டெத் வேலியிலும் குளிர்ந்த மலை உண்டு. டெலஸ்கோப் சிகரம் 3,368 மீட்டர். உச்சியை நெருங்கும்போது முறுக்கிக்கொண்டு நிற்கும் பிரிஸில்கோன் பைன் மரங்களையும், கடல்மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே வெள்ளையாய்க் கிடக்கும் பேட்வாட்டர் உப்புப் படுகையையும் ஒரே இடத்திலிருந்து பார்த்தேன். பிக் பெண்டில் அதற்கு ஈடாக எதையும் நான் காணவில்லை. ஆனால் ஃபர்னஸ் க்ரீக்கிலிருந்து பாதை தொடங்கும் இடத்துக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டும். கடைசிப் பகுதி கரடுமுரடான சாலை. அதன் பிறகு போய்வர 22 கிலோமீட்டர் நடை. தோழி அந்தக் கோடை முழுவதும் இரண்டு முறைதான் அங்கே போனார்.

பேசினில் நான் காலணி மாட்டிய பத்து நிமிடத்தில் பாதையில் இருப்பேன். முதல் மாதம் காலை முறையில் இருந்தேன். ஜூலையில் பிற்பகல் இடிமழை தொடங்கியதும், என் ஓய்வு நேரம் முழுவதும் மின்னலுக்குப் போனது. மாலை முறைக்கு மாற்றித் தரும்படி கேட்டு வாங்கினேன். பிக் பெண்டில் வேலைக்குச் சேர்கிறவர்கள் இதைத் தொடக்கத்திலேயே கேட்பது நல்லது. அதிகாலை 5 மணிக்குக் கிளம்பி, பூட் பள்ளத்தாக்கு வழியாக சவுத் ரிம் விளிம்பைத் தொட்டு, 20 கிலோமீட்டருக்கு மேல் நடந்து, இடி முழங்கும் முன் திரும்பிவிடலாம். அமெரிக்காவிலேயே சிசோஸ் மலைகளில் மட்டும் கூடுகட்டும் கொலிமா வார்ப்ளரின் குரலைப் பூட் பள்ளத்தாக்கின் கருவாலி மரங்களில் கேட்டேன். விளிம்பில் நின்றால் ஏறக்குறைய 600 மீட்டர் கீழே பாலைவனம். அதற்கு அப்பால் மெக்சிகோ மலைகளின் மேல் மழை சாம்பல் நூலாக இறங்கி, தரையைத் தொடாமலே காற்றில் உலர்ந்துபோகும். நனைந்த கிரியோசோட் புதரின் வாசனை கீழிருந்து ஏறிவந்த அந்தக் காலைகளுக்காகவே நான் மீண்டும் அங்கே போவேன்.

இருந்தாலும் பிக் பெண்ட் முழுவதும் பேசின் அல்ல. ரியோ கிராண்ட் ஆற்றை ஒட்டிய தாழ்நிலம் பேசினைவிடப் பத்து டிகிரிக்கு மேல் சூடானது. 2023 ஜூனில், வெப்பம் 48 டிகிரியை எட்டிய நாளில், மருஃபோ வேகா பாதையில் ஒரு சிறுவன் மயங்கி இறந்தான். உதவி தேடி விரைந்த அவனுடைய மாற்றாந்தந்தையும் விபத்தில் உயிரிழந்தார். ஆகவே வேலைக்கு விண்ணப்பிக்கும்போது பூங்காவின் பெயரோடு நிறுத்திவிடாமல், தங்குமிடம் பேசினிலா, ஆற்றோரத்திலா என்பதையும் எழுத்தில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். ஆற்றோரம் என்றால் மேலே நான் சொன்ன சாதகங்களில் பெரும்பகுதி இல்லாமல் போகும்.

சொந்த வண்டியும், வாரத்தில் அடுத்தடுத்து இரண்டு விடுமுறை நாள்களும் உறுதியாகக் கிடைக்குமென்றால் டெத் வேலியை மறுக்க மாட்டேன். முதல் நாள் மாலையே மலைக்கு ஏறி, சிகரப் பாதை தொடங்கும் மஹோகனி ஃபிளாட்டில் கூடாரம் போட்டுக் குளிரில் உறங்கி, விடியலில் சிகரத்துக்கு நடக்கலாம். தோழி போன இரண்டு முறையும் அப்படித்தான் போனார்.