கண்புரை: முற்றட்டும் என்று பொறுப்பதா, இப்போதே எடுப்பதா?

"புரை இன்னும் முற்றவில்லை, முற்றிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்." அறுவை தள்ளிப்போகச் சொல்லப்படும் காரணங்களில் இதற்குத்தான் ஆயுள் அதிகம். ஒரு காலத்தில் இது சரியான அறிவுரையும்கூட. அன்று பெரிய கீறல் போட்டு, லென்ஸை உறையோடு முழுதாக வெளியே எடுத்துத் தையல் போடுவார்கள். பிறகு வாழ்நாள் முழுக்க சோடாபுட்டிக் கண்ணாடி. அதற்கு அரைகுறைப் புரையோடு பார்ப்பதே மேல் என்பதால் பொறுத்திருந்தார்கள். 1949-ல் ஹெரால்ட் ரிட்லி கண்ணுக்குள் செயற்கை லென்ஸை வைத்தார். 1967-ல் சார்ல்ஸ் கெல்மன் புரையை மீயொலியால் உடைத்து உறிஞ்சும் பேகோ முறையைக் கொண்டுவந்தார். அதோடு முற்றும்வரை பொறுக்க வேண்டிய காரணம் போய்விட்டது. அறிவுரை மட்டும் தங்கிவிட்டது.

இன்றைய பேகோவுக்கு 3 மி.மீ.-க்கும் குறைந்த கீறல் போதும். மிதமான புரை குறைந்த மீயொலியிலேயே உடைந்து வந்துவிடும். முற்றிப் பழுப்பேறிய புரை அப்படியில்லை. அதை உடைக்கக் கூடுதல் மீயொலி தேவை. அது கருவிழியின் (கார்னியா) உட்புறச் செல்களைச் சிதைக்கும். அந்தச் செல்கள் மறுபடி வளராதவை. மிகவும் குறைந்துபோனால் கருவிழி வீங்கி, புரை எடுத்தும் பார்வை மங்கலாகவே இருக்கும். லென்ஸைத் தாங்கும் நுண்ணிழைகள் தளர்ந்திருக்கலாம், லென்ஸ் உறையின் பின்பக்கமான பின்னுறை கிழியும் வாய்ப்பும் கூடும். அப்போது 6 மி.மீ. அளவிலான சுரங்கக் கீறல் முறைக்குப் போவார்கள். அது நல்ல முறைதான். கருவிழி வளைவு சீராக இல்லாததால் வரும் சிலிண்டர் பவர் மட்டும் கொஞ்சம் கூட வரலாம்.

உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணிக்கக் கண்ணை அளவெடுப்பதும் சிக்கலாகும். அடர்ந்த புரைக்குள் ஒளிக்கருவி ஊடுருவாது; ஒலிக்கருவியால் அளக்க வேண்டிவரும், துல்லியம் குறையும். கண்ணின் நீளத்தில் 1 மி.மீ. பிழை வந்தால் பவர் ஏறத்தாழ 2.5 மாறிவிடும். சர்க்கரை நோயாளிக்கு இன்னொரு இழப்பு: புரை மறைப்பதால் விழித்திரையில் நடக்கும் சேதம் மருத்துவர் கண்ணுக்கே தெரியாது. இன்னும் தள்ளினால் லென்ஸ் ஊதிப் பெருத்தோ கசிந்தோ கண் அழுத்தம் திடீரென ஏறலாம். அதில் பார்வை நரம்பு பட்டுப்போனால், பிறகு புரையை எடுத்தாலும் இழந்த பார்வை வராது.

நடுவழியாகக் கண்ணாடி மாற்றலாம். ஆரம்பப் புரைக்கு இது நியாயமான தேர்வு. தேவைக்குப் பார்வை போதுமானால் அவசரப்பட வேண்டியதில்லை. புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து மட்டும் கிடையாது. பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. லென்ஸின் நடுக்கரு கெட்டியாகும்போது கிட்டப்பார்வை கூடுவதால், கண்ணாடியில்லாமலே எழுத்து தெரியத் தொடங்கும். கண் தேறிவிட்டது என்று நினைத்துவிடுவார்கள். புரை வளர்வதன் அடையாளம் அது. பின்னுறையை ஒட்டிய புரையில் எழுத்துப் பலகையை நன்றாகப் படிப்பவர், எதிர்வண்டி வெளிச்சத்தில் தடுமாறுவார். ஆகவே பலகையை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது.

"ஒரு கண் நன்றாகத்தானே தெரிகிறது" என்பதும் பலவீனமான வாதம். ஆழம் கணிக்க இரு கண்ணும் வேண்டும். படி இறங்கும்போது அது தெரியும். பயத்தைக் குறை சொல்ல முடியாது, ஆனால் பெரும்பாலோருக்குச் சொட்டு மருந்தாலேயே மரத்துப்போகும், 10 முதல் 20 நிமிடத்தில் முடியும். "புரை மறுபடி வரும்" என்று சொல்வது, உள்ளேயே விட்டுவைத்த லென்ஸ் உறை பின்னாளில் மங்குவதைத்தான். சில நிமிட லேசரில் சரியாகும்.

உண்மையிலேயே காத்திருக்க வேண்டிய நிலைகளும் உண்டு: கட்டுக்கடங்காத சர்க்கரை அல்லது ரத்த அழுத்தம், இமையிலோ கண்ணீர்ப்பையிலோ தொற்று, அண்மையில் வந்த மாரடைப்பு. வெயில், மழை என்று பருவம் பார்க்கத் தேவையில்லை. புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் என்ற மருந்து எடுப்பவர்கள், நிறுத்தியிருந்தாலும், முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அது கருவிழித்திரையை (ஐரிஸ்) தொளதொளப்பாக்கி அறுவையைச் சிக்கலாக்கும். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் அளவெடுக்கும் முன்பு எத்தனை நாள் கழற்றி வைப்பது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

அறுவைக்குப் பின் சில வாரங்கள் சொட்டு மருந்து. கண்ணைக் கசக்கக் கூடாது, தண்ணீர் படக்கூடாது. உட்தொற்று அரிது. ஆனால் வலி கூடினாலோ, சிவப்பு அதிகமானாலோ, தெளிந்த பார்வை மறுபடி மங்கினாலோ விடியட்டும் என்று இருக்காமல் அன்றே மருத்துவரிடம் போய்விடுங்கள்.