கணவாய்க் காலில் தேசிக்காய்ப் புளி

கணவாய் கழுவிப் பழகியவர்களுக்கு ஜூசி சாலிஃப் என்ற பழச்சாறு பிழியும் கருவியின் உருவத்தை விளக்கத் தேவையில்லை. உடல் மேலே, கால்கள் கீழே என நிமிர்த்தி வைத்த கணவாய்தான் அது, கால் மட்டும் மூன்று. பிரெஞ்சு வடிவமைப்பாளர் பிலிப் ஸ்டார்க் இத்தாலியின் கப்ரையா தீவில் கணவாய் சாப்பிட்டபடி மேசைக் காகிதத்தில் கிறுக்கியது. வீட்டுப் பாவனைப் பொருட்கள் செய்யும் இத்தாலியின் அலெசி கம்பனி அவரிடம் கேட்டிருந்தது ஒரு தட்டம். 1990இல் விற்பனைக்கு வந்ததோ, 29 சென்ரிமீற்றர் உயரத்தில் இந்த அலுமினிய வார்ப்பு.

வேலை எப்படி? தோடம்பழத்துக்கு நன்றாகவே செய்கிறது. பழத்தை மேசையில் அழுத்தி உருட்டி, குறுக்கே வெட்டி, பாதியைக் கருவியின் தலையில் கவிழ்த்து அழுத்தித் திருக வேண்டும். சாறு வரிப்பள்ளங்கள் வழியே கீழ்க்கூருக்கு இறங்கி, அடியில் வைத்த குவளையில் விழும். திருகும் வேகத்தில் முழுக் கருவியும் கூடவே சுற்றப் பார்க்கும். அதனால் மற்றக் கை ஒரு காலைப் பிடித்தே இருக்க வேண்டும். வழுக்கும் டைல்ஸ் மேடையென்றால் ஈரத்துணியை நாலாக மடித்துக் கால்களுக்கு அடியில் விரியுங்கள். குவளை குட்டையாக, வாய் அகலமாக இருக்கட்டும். ஒடுங்கிய கிளாஸ் வைத்தால் சாறு வெளியே தெறிக்கும், கொஞ்சம் கால்வழி ஓடி மேசையிலும் தேங்கும்.

சிக்கல் நம் தேசிக்காயில்தான். சின்னக் காயின் பாதி உச்சியில் மட்டும் குந்தும், ஓரச் சுளைகள் பிழிபடாது. விடாமல் அழுத்தினால் மெல்லிய தோல் கிழிந்து கசப்பு இறங்கும். கொட்டையைத் தடுக்கவும் இதில் எதுவும் இல்லை. குவளைமேல் தேத்தண்ணி வடியை வைத்தால் சரி, ஆனால் வடியையும் பிடிக்க மூன்றாவது கை வேண்டும்! சொதியை இறக்கிவிட்டு இரண்டு தேசிக்காய் பிழிய இதைத் தேடி எடுப்பவர் இல்லை. அதற்குக் கையே போதும். பத்துப் பதினைந்து காய் என்றால், இரண்டு பிடிக்கு நடுவே காயை வைத்து நசுக்கும் சந்தைச் சாமான் கெட்டிக்காரன். எலுமிச்சம் சாறு பிழிவதற்கல்ல, பேச்சைத் தொடங்கிவைப்பதற்கே இது என்று ஸ்டார்க்கே சொன்னதாகப் பேச்சு. விலையைப் பார்த்தால் பேச்சு தானாகவே தொடங்கும்.

வாங்கியவர்கள் கவனிக்க வேண்டியது கழுவுவதை. புளி காய்ந்தால் அலுமினியம் மங்கும், உடனே வெதுவெதுப்பான நீரும் சவர்க்காரமும் போட்டுக் கழுவித் துடைத்துவிடுங்கள். சாம்பல், பொச்சு, கம்பிச்சுருள் வேண்டாம், மெருகு கீறிவிடும். பாத்திரம் கழுவும் மெஷினின் காரத்தில் கறுக்கும். கடற்கரை வீட்டில் யன்னலோரம் அலங்காரமாக வைத்தால் உப்புக்காற்றில் புள்ளி விழும், அலுமாரிக்குள் வையுங்கள்.

2000இல் பத்தாண்டு நிறைவுக்காகத் தங்க முலாம் பூசி 9,999 செய்தார்கள். அதில் தேசிக்காய் பிழியக்கூடாது, புளி பட்டால் முலாம் கெடும்.