உள்வாடகைக்கு விடப் போறீங்களா? என் 72,000 போன கதையைப் படிச்சிட்டு விடுங்க

இன்னைக்குக் காலையில என் ஜிபேயில 1,130 ரூபாய் வந்து விழுந்துச்சு. வீட்டு ஓனர் அனுப்பினது. நான் கொடுத்திருந்த அட்வான்ஸ் 60,000. திரும்பி வந்தது 1,130. கூடவே ஒரு பேப்பர்ல கணக்கு எழுதி போட்டோ எடுத்து அனுப்பியிருக்காங்க. மூணு தடவை கூட்டிப் பார்த்துட்டேன், ஒரு ரூபாய்கூடத் தப்பில்லை. அந்த வயித்தெரிச்சல்லதான் இதை எழுதறேன். எழுத்துப் பிழை இருந்தா பொறுத்துக்கங்க.

நாங்க தாராபுரத்துக்காரங்க. எனக்குக் கேரளத்துல, பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டுல ஒரு கம்பெனியில அக்கவுண்ட்ஸ் வேலை. வீட்டுக்காரர் பாலக்காட்டுல இருந்து தினமும் ரயில்ல கோயமுத்தூர் போயிட்டு வருவார். போன ஜூன்ல ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட் ஒண்ணு எடுத்தோம். வாடகை 9,500, 11 மாச அக்ரிமென்ட். (ஒரு வருஷத்துக்கு மேல போனா பத்திரப் பதிவு பண்ணணும்னு 1908 பதிவுச் சட்டத்துல இருக்கு, அதனாலதான் எல்லாரும் 11ல நிறுத்திக்கறாங்க.) அக்ரிமென்ட் மலையாளத்துல டைப் அடிச்சிருந்தது. எனக்கு மலையாளம் பேச வரும், மார்க்கெட்டுல சண்டையே போடுவேன், ஆனா எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. ஓனர் ரிட்டயர் ஆன பள்ளிக்கூட டீச்சர். பத்தி பத்தியா வாசிச்சுச் சொன்னாங்க. குழந்தை அழுதுட்டிருந்தது, நான் தலையை ஆட்டிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அதுல ரெண்டு விஷயம் இருந்துச்சு: பாதியில காலி பண்ணினா ரெண்டு மாச வாடகை பிடிப்பாங்க, அவங்க சம்மதம் இல்லாம வீட்டை வேற யாருக்கும் விடக்கூடாது.

நவம்பர்ல அப்பாவுக்குப் பக்கவாதம் வந்துடுச்சு. வேலையை விட்டுட்டு ஊருக்குப் போயாகணும். வீட்டுக்காரர் கோயமுத்தூர்லயே ரூம் பார்த்துக்கிட்டார். அக்ரிமென்ட் முடிய இன்னும் அஞ்சு மாசம். ரெண்டு மாச வாடகை, 19,000, சும்மா போகுமேன்னு மனசு அடிச்சுக்குது. டீச்சர்கிட்ட நேராப் போய்க் கேட்டிருக்கலாம். கேக்கல. ஓனர்னா அட்வான்ஸை அமுக்கத்தான் பார்ப்பாங்கன்னு எனக்கு ஒரு நினைப்பு. அந்த 19,000த்தைக் காப்பாத்தப் போய்த்தான் 72,000 தொலைச்சேன்.

மீதி மாசத்துக்கு வீட்டை இன்னொருத்தருக்கு உள்வாடகைக்கு விட்டுடலாம்னு வாடகை வீடு தேடற செயலி ஒண்ணுல சேர்ந்தேன். பேர் சொல்லப் போறதில்லை. புரோக்கரே வேண்டாம்னு விளம்பரம் பண்றாங்களே, அந்த வகை. புரோக்கர் இல்லையே தவிர கட்டணம் இருக்கு: 3,500, அதுக்கு மேல ஜிஎஸ்டி 630, ஆக 4,130. கட்டினதும் நமக்குன்னு ஒரு மேனேஜர். நல்ல தமிழ்ல பேசினார். ஓனருக்குத் தெரியாம விடலாமான்னு கேட்டேன். "அண்ணன் குடும்பம் வந்து தங்கறாங்கன்னு சொல்லிடுங்க மேடம், எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க"ன்னார். இதைப் போன்லதான் சொன்னார். சாட்டுல ஒரு எழுத்து இல்லை. அன்னைக்கு எனக்கு அது உறைக்கல.

வீட்டை நல்லாப் பெருக்கித் துடைச்சு, ஹால்ல புதுசா வாங்கின பச்சைக் கர்டனை மாட்டி, பால்கனித் துளசித் தொட்டியோட சேர்த்து எட்டு படம் எடுத்துப் போட்டேன். ரெண்டே நாள்ல ஆள் வந்தாச்சு. அவர் பேருக்குப் பக்கத்துல பச்சை டிக், "சரிபார்க்கப்பட்டவர்"னு.

அந்த ஞாயித்துக்கிழமையை நினைச்சாத்தான் இப்பவும் உடம்பு பதறுது. கறுப்பு வேட்டி, கறுப்புத் துண்டு, கழுத்துல துளசி மாலை. கூட சம்சாரம், அஞ்சு வயசுல ஒரு பாப்பா. பொள்ளாச்சிப் பக்கம்னார். சொந்தமா டெம்போ டிராவலர் இருக்கு, பாலக்காடு ஜங்ஷன்ல இறங்கற சபரிமலை சாமிமாரை ஏத்திட்டு நிலக்கல் வரைக்கும் ஓட்டறேன், சீசன் முடியற வரைக்கும் இங்கதான் ஜாகைன்னார். அந்தப் பொண்ணு நேரா சமையலறைக்குப் போய் குழாயைத் திறந்து பார்த்து, "தண்ணி மலம்புழா தண்ணிங்களாக்கா? எத்தன நேரம் வருமுங்க?"ன்னு கேட்டா. இங்க வந்த ஆறு மாசத்துல என்கிட்ட அப்படி ‘ங்க’ போட்டுப் பேசின ஆளே இல்லை. எனக்கு ஊர் ஞாபகம் வந்துடுச்சு. பாப்பா தண்ணி கேட்டுச்சு, என் பொண்ணோட டம்ளர்லயே கொடுத்தேன். மாலை போட்ட மனுஷன், குடும்பத்தோட வந்திருக்கார், பொய்யா சொல்வார்?

ஆதாரை வாட்ஸ்அப்ல அனுப்பினார். பின்பக்கம், அதான் அட்ரஸ் இருக்கற பக்கம், ஒரே மங்கல். கேக்கக் கூச்சமா இருந்துச்சு. 10,000 ஜிபே பண்ணினார். "மீதி அட்வான்ஸை மகரவிளக்கு முடிஞ்சதும் மொத்தமாக் கொடுத்துடறேங்க்கா, வண்டிக் காசு அப்பத்தான் கைக்கு வரும். சாமி சரணம்." நவம்பர் 30ஆம் தேதி ரெண்டு சாவியையும் கொடுத்தேன். டீச்சருக்குப் போன் பண்ணி, அண்ணன் குடும்பம் வந்திருக்குன்னு சொன்னேன். நல்லாருக்கட்டும்னாங்க.

டிசம்பர் வாடகையை அவர் கொடுத்த 10,000ல இருந்து டீச்சருக்கு அனுப்பிட்டேன். ஜனவரி அஞ்சாம் தேதி கேட்டா, வண்டி எருமேலியில நிக்குது அக்கா. பத்தாம் தேதி, டவர் இல்லை. மகரவிளக்கு ஜனவரி 14. பதினஞ்சாம் தேதி கேட்டா, "இப்பத்தான மலை இறங்கிருக்கேன்." இருபதாம் தேதி கியர்பாக்ஸ் போயிடுச்சு. டீச்சர்கிட்ட பேர் கெடக்கூடாதுன்னு ஜனவரி வாடகையை என் கையில இருந்து கட்டினேன். பிப்ரவரியில போனே போகல.

பிப்ரவரி கடைசியில டீச்சர் கூப்பிட்டாங்க. மேல்வீட்டுல புகார், ராத்திரி ரெண்டு மணிக்கு ஆளுங்க வர்றதும் போறதுமா இருக்காங்களாம். "உன் அண்ணனுக்கு எத்தன பிள்ளைங்க?"ன்னு கேட்டாங்க. எனக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சு.

மறுநாள் போய்க் கதவைத் தட்டினா திறந்தது ஒரு ஒடிசாப் பையன். இருபது வயசு இருக்கும். உள்ள இன்னும் அஞ்சு பேர். எல்லாரும் கஞ்சிக்கோட்டு இரும்பு ஆலைகள்ல ஷிப்ட் வேலை பார்க்கறவங்க. ஹால்ல வரிசையாப் பாய். ஆளுக்கு 6,000 அட்வான்ஸ் கொடுத்து வந்திருக்காங்க. எங்க "சாமி"கிட்டத்தான். வீடு அவரோட சொந்தம்னு சொல்லியிருக்கார். எனக்குத் தெரிஞ்ச ஓட்டை ஹிந்தியில இது என் வீடுன்னேன், அப்புறம் என் வீடும் இல்லைன்னேன். ஒரு பையன் போனை எடுத்து ஜிபே ரசீதைக் காட்டினான், கணக்குல வேற எவன் பேரோ இருந்துச்சு. சம்சாரம், குழந்தைன்னு யாரையாவது பார்த்தீங்களான்னேன். இல்லையாம். அப்போ அந்தப் பாப்பா யார் வீட்டுப் பாப்பா? இன்னைக்கு வரைக்கும் ராத்திரியில அதுதான் ஓடுது. குளியலறை கீசரைக் காணோம், இன்வெர்ட்டர் பேட்டரியும் இல்லை. பசங்க வரும்போதே சுவத்துல வெறும் ஆணிதானாம். பசங்க பணத்தை ஜிபேயில அனுப்பினதால 1930, அதான் சைபர் மோசடி ஹெல்ப்லைன், அதுக்குப் போன் பண்ணிச் சொல்லுங்கடான்னு மட்டும் சொல்லிட்டு வந்தேன். அவங்களை வெளிய போகச் சொல்ல வாய் வரல. டீச்சர்தான் ஒரு வாரம் டைம் கொடுத்தாங்க.

டீச்சர் என்னை உட்கார வெச்சுக் கேட்டாங்க: "நீ என்னோடு நுண பறஞ்ஞு, அல்லே?" (என்கிட்டப் பொய் சொன்னே, இல்லையா?) அதுக்கு நான் என்ன பதில் சொல்ல? முன்னாடியே ஒரு வார்த்தை கேட்டிருந்தா ரெண்டு மாசப் பிடித்தமே வேண்டாம்னு விட்டிருப்பாங்களாம். ஐஐடி பசங்க வீடு கேட்டு வந்துட்டே இருந்தாங்களாம். அவங்க தம்பி வக்கீல். கேரளத்து 1965 வாடகைச் சட்டம், 11(4)(i): ஓனர் சம்மதம் இல்லாம உள்வாடகைக்கு விட்டா அதுவே காலி பண்ண வைக்கப் போதுமான காரணம்னார். பதிவுத் தபால்ல நோட்டீஸ் விட்டு, 30 நாளுக்குள்ள ஆளை அனுப்பலைன்னா கேஸ் போடலாமாம். கேஸ் எதுக்கு, கணக்கை முடிச்சுக்கலாம்னு டீச்சரே சொல்லிட்டாங்க.

அந்தக் கணக்கு இதுதான். பிப்ரவரி வாடகை 9,500. மார்ச், ஏப்ரலுக்குப் பிடித்தம் 19,000. கேஎஸ்இபி கரண்ட் பில் 3,870. கீசர், பேட்டரி, கதவு, பெயின்ட் எல்லாம் சேர்த்து 26,500. ஆக 58,870. இதோட என் கையில இருந்து போன ஜனவரி வாடகை 9,500, செயலிக்கு அழுத 4,130. அவன் கொடுத்ததுல மிஞ்சின 500ஐக் கழிச்சா 72,000. என் அஞ்சு மாசச் சேமிப்பு அது. அப்பாவோட பிசியோதெரபிக்குன்னு எடுத்து வெச்சிருந்தேன்.

இனி செயலிக்காரங்க கதை. மேனேஜர் நம்பர் உபயோகத்துல இல்லை. சாட்டுல கேட்டா ஒரு இயந்திரம் "உங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம்"ங்குது. புகார் போட்டேன், நாலு மணி நேரத்துல "தீர்க்கப்பட்டது"ன்னு மூடிட்டாங்க. திரும்பப் போட்டேன், திரும்ப மூடினாங்க. மூணாவது தடவை ஒரு பொண்ணு பேசினா. பச்சை டிக் போட்டிருந்தீங்களேன்னேன். அது போன் நம்பருக்கு ஓடிபி வந்துச்சான்னு பார்க்கற சரிபார்ப்பு மட்டும்தானாம், ஆளைப் பத்தினது இல்லையாம். ஓனர்கிட்டப் பொய் சொல்லச் சொன்னது உங்க ஆள்தானேன்னேன். "ஆதாரம் இருக்கா மேடம்?" இல்லை. கடைசியில, உங்க திட்டத்தோட காலம் முடிஞ்சுடுச்சு, இன்னைக்கே புதுப்பிச்சா 20 சதவீதம் தள்ளுபடின்னா. போனைச் சுவத்துல அடிக்காம விட்டதே பெரிசு.

போலீஸ் ஸ்டேஷன்ல என்னான்னா, இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்கன்னாங்க. பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) 318, ஏமாத்தறதுக்குன்னே பிரிவு இருக்கேன்னு வீட்டுக்காரர் எடுத்துச் சொன்னார். "அக்ரிமென்டை மீறினது முதல்ல நீங்கதான"ன்னு ஒரே அடி. அரை நாள் உட்கார்ந்து ரசீது மட்டும் வாங்கிட்டு வந்தோம். 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்லயும் பதிஞ்சிருக்கேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லைங்கறாங்க, அப்பா கொஞ்சம் எழுந்து நடந்தப்புறம்தான் போகணும்.

வரிசையா அறிவுரை எழுதலாம்னுதான் உட்கார்ந்தேன், இப்போ கை ஓடல. அவசரத்துக்கு இதை மட்டும் வெச்சுக்கங்க. ஓனர்கிட்டக் கேளுங்க, சம்மதத்தை வாட்ஸ்அப்லயாவது எழுத்துல வாங்குங்க. புரியாத மொழியில அக்ரிமென்ட் இருந்தா படிக்கத் தெரிஞ்ச ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க. முழு அட்வான்ஸும் வராம சாவியைக் கொடுக்காதீங்க. ஆதாரோட ரெண்டு பக்கத்தையும் கையில வாங்கிப் பாருங்க. போன்ல சொல்றதை எல்லாம் "சாட்டுல எழுதுங்க"ன்னு கேளுங்க. மாலையைப் பார்த்து மயங்காதீங்க.

இன்னொண்ணு, இது அவசரம். நேத்து ராத்திரி அதே செயலியில என் படங்களையே யாரோ வேற பேர்ல போட்டிருக்காங்க, 7,000 வாடகைன்னு, உடனே டோக்கன் அட்வான்ஸ் கேட்டு. புகார் பண்ணியாச்சு, இன்னும் எடுக்கல. கஞ்சிக்கோடு, பாலக்காடு பக்கம் வீடு தேடறவங்க யாராவது பச்சைக் கர்டனும் பால்கனியில துளசித் தொட்டியும் இருக்கற ஹாலைப் பார்த்தீங்கன்னா பத்து பைசா அனுப்பிடாதீங்க. அந்தக் கர்டன் இப்போ தாராபுரத்துல எங்க வீட்டுப் பெட்டிக்குள்ள கிடக்கு.