வதரிங் ஹைட்ஸ்: பதினாறாம் அத்தியாயத்தில் பிரியும் வாசகர்கள்

திருகோணமலையில் 'வதரிங் ஹைட்ஸ்' நாவலை வாசித்த இரண்டு பேரை ஒரு மேசையில் இருத்தினால் அரை மணித்தியாலத்துக்குள் வாக்குவாதம் தொடங்கிவிடும். ஒருவருக்கு அது ஈடிணையில்லாத காதற்கதை. மற்றவருக்கு அது பிள்ளையையும் நாயையும் வதைக்கிற, நம்பி இரக்கப்பட ஒரு மனிசர்கூட இல்லாத இருட்டுப் புத்தகம். இரண்டு பேரும் வாசித்தது ஒரே புத்தகத்தைத்தான், ஆனால் பெரும்பாலும் ஒரே அளவு பக்கங்களை அல்ல. இந்த மதிப்புரையின் மையம் அதுதான்.

இந்தப் பிளவு புத்தகத்தோடு கூடப் பிறந்தது. எமிலி புரொண்டே 'எலிஸ் பெல்' என்ற புனைபெயரில் எழுதி, 1847 டிசம்பரில் லண்டன் பதிப்பாளர் நியூபி வெளியிட்டபோது, மூன்று தொகுதிகளில் முதல் இரண்டை இந்த நாவலும் மூன்றாவதைத் தங்கை ஆனின் நாவலும் பிடித்திருந்தன. வழக்கமான விமர்சனத்துக்குள் அடங்காத விசித்திரப் புத்தகம், ஆனால் தொடங்கினால் முடிக்காமல் கீழே வைக்க முடியாது என்ற பொருளில் 1848 ஜனவரியில் ஒரு லண்டன் வாரப் பத்திரிகை எழுதியது. கொடூரம் மிஞ்சியது என்று முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள். எமிலி 1848 டிசம்பர் 19 அன்று 30 வயதில் இறந்தபின் அவருடைய எழுத்துப் பெட்டிக்குள் ஐந்து மதிப்புரைகளின் நறுக்குகள் கிடைத்தன. அக்கா ஷார்லட்கூட 1850 பதிப்பின் முன்னுரையில், நாயகன் ஹீத்கிளிஃப் போன்ற ஒருவனைப் படைப்பது சரிதானா என்று தயங்குகிறார், சரியென்று தான் நினைக்கவில்லை என்கிற பக்கமே சாய்கிறார். சொந்த வீட்டுக்குள்ளேயே கருத்து இரண்டு.

எங்கள் ஊருக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கோணேசர் கோயிலடிப் பாறையில் நிற்கும் ஒல்லாந்தர் காலத் தூணைக் காட்டி, காதலனின் கப்பல் போகப் போகப் பாய்ந்த பெண்ணின் கதையைச் சொல்லிச் சொல்லியே பிள்ளைகளை வளர்க்கிறோம். பாறை, காற்று, பிரிவு என்று கேட்டவுடன் மனம் காதலை எதிர்பார்க்கப் பழகியிருக்கிறது. இந்த நாவலின் அட்டைப் படங்களும் அதையே சொல்கின்றன. 1939 ஹொலிவுட் படமோ இரண்டாம் தலைமுறையை முழுவதாகவே வெட்டிவிட்டது. அப்படி எதிர்பார்த்து வருகிறவருக்கு, ஹீத்கிளிஃபின் காதலி மூத்த கத்தரின் பதினாறாம் அத்தியாயத்தில் இறந்ததோடு கதை முடிந்துவிடுகிறது. மொத்தம் 34 அத்தியாயங்கள். மிச்சம் பதினெட்டு!

அந்தப் பதினெட்டை வாசிக்காமல் இந்தப் புத்தகத்தை நல்லதென்றோ கெட்டதென்றோ சொல்ல முடியாது என்பது எங்கள் உறுதியான கருத்து. ஏனென்றால் இது ஒரு குடும்பத்தின் காணி பறிபோய்த் திரும்பி வருகிற கதை. காதல் அதைக் கொளுத்திய தீக்குச்சி.

எப்படிப் பறிபோகிறது என்று பாருங்கள். ஏர்ன்ஷோ பெரியவர் லிவர்பூலுக்குப் போக அறுபது மைல், வர அறுபது மைல் நடந்து, மகனுக்கு வயலினும் மகள் கத்தரினுக்குச் சவுக்கும் கொண்டுவருவதாகச் சொன்னவர், அங்கியைத் திறந்து ஒரு அநாதைப் பையனை இறக்கிவிடுகிறார். வயலின் நொறுங்கிவிட்டது, சவுக்கு தொலைந்துவிட்டது. சிறுவயதில் இறந்துபோன தங்கள் மகனின் பெயரையே அவனுக்கு வைக்கிறார்கள்: ஹீத்கிளிஃப். முதற்பெயரும் அதுதான், குடும்பப் பெயரும் அதுதான். எடுத்து வளர்த்த பிள்ளைக்கு இறந்த பிள்ளையின் பெயர் என்ற இந்த ஒரு வரியைக் கவனிக்காமல் போகிறவர்கள் பலர். மூத்த மகன் ஹின்ட்லியின் பொறாமை இங்கேதான் முளைக்கிறது. தகப்பன் இறந்ததும் அவன் ஹீத்கிளிஃபை வீட்டுப் பிள்ளை நிலையிலிருந்து வயல் வேலைக்குத் தள்ளுகிறான்.

மூன்று வருடம் காணாமல் போய்ப் பணத்தோடு திரும்பும் ஹீத்கிளிஃப், சூதாட ஹின்ட்லிக்குக் காசு கொடுத்துக் கொடுத்து, அவனுடைய காணி முழுவதையும் ஒரு துண்டு விடாமல் ஈட்டுக்கு வாங்குகிறான். ஹின்ட்லி இறந்தபோது ஈடு பிடித்தவன் வீட்டுக்காரனாகிறான், வாரிசான பிள்ளை ஹேர்ட்டன் சொந்த வளவிலேயே கூலியில்லாத வேலைக்காரனாகிறான். இது முதல் வீடான வதரிங் ஹைட்ஸ்.

இரண்டாம் வீடான திரஷ்குரொஸ் கிரேஞ்ச் போன விதம் இன்னும் நுட்பமானது. லின்டன் பெரியவரின் ஏற்பாட்டின்படி, கத்தரினைக் கட்டிய அவருடைய மகன் எட்கருக்கு ஆண்பிள்ளை இல்லாவிட்டால் காணி எட்கரின் மகளுக்குப் போகாது, தங்கை இசபெல்லாவின் வழிக்குப் போகும். இசபெல்லாவை ஹீத்கிளிஃப் கட்டியது இதற்காகவும்தான். அவர்களுடைய நோயாளி மகன் லின்டனுக்கு, எட்கரின் மகள் இளைய கத்தரினை (வீட்டில் கூப்பிடுவது கத்தி என்று) பூட்டி வைத்துக் கட்டாயமாகக் கட்டிவைக்கிறான். அந்தக் கால இங்கிலாந்தில் மனைவியின் அசையும் சொத்து கணவனுக்கே உரியது (1870, 1882 சட்டங்கள்தான் அதை மாற்றின). எட்கர் சாகக் கிடக்கையில் மகளின் பணத்தை நம்பிக்கைப் பொறுப்பாளர்களிடம் மாற்ற நினைத்துச் சட்டத்தரணி கிறீனுக்கு ஆள் அனுப்புகிறார். கிறீன் ஹீத்கிளிஃபின் கைக்குள் போய்விட்டவர், ஆகவே வேண்டுமென்றே பிந்தி வருகிறார். பிறகு மகன் இறக்குமுன் அசையும் சொத்தையெல்லாம் தகப்பனுக்கு எழுதிவைக்கச் செய்தாகிவிட்டது. வயது வராதவன் காணியை எழுத முடியாது, இருந்தும் ஹீத்கிளிஃப் அதையும் கைப்பற்றி வைத்திருக்கிறான். சி.பி. சாங்கர் என்ற சட்டத்தரணி 1926இல் இதையெல்லாம் வருடக் கணக்கோடு ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். சட்டமும் திகதிகளும் எவ்வளவு கவனமாகப் பின்னப்பட்டிருக்கின்றன என்பது அதில்தான் பலருக்கு விளங்கியது. உறுதி, ஈடு, முதுசம், சீதனம் என்று வீட்டுக்கு வீடு வழக்குப் பேசத் தெரிந்த எங்கள் ஆட்களுக்கு இந்தப் பகுதி விளங்க அந்தக் கட்டுரைகூடத் தேவையில்லை.

உறவுமுறையிலும் தமிழ் வாசகருக்கு ஒரு கூடுதல் கண் இருக்கிறது. இளைய கத்தி முதலில் கட்டுவது தகப்பனின் தங்கை மகனை. கடைசியில் அவள் மனம் போவது தாயின் தமையன் மகன் ஹேர்ட்டனிடம். ஆங்கிலத்தில் இரண்டு பேருமே வெறும் 'கசின்'. எங்களுக்கோ ஒருவன் மாமி மகன், மற்றவன் மாமன் மகன், இரண்டு பேரும் முறை மச்சான்மார். முறை சரியாக இருந்தும் ஒரு கலியாணம் கொள்ளையாகவும் மற்றது மீட்சியாகவும் முடிகிறதே என்று யோசிக்கத் தொடங்கினால் நாவலின் முதுகெலும்பு கையில் அகப்படும். அதே கண் மறுபக்கமும் வெட்டும்: ஒரே கூரையின் கீழ், சிறுவயதில் ஒரே கட்டிலில் தூங்கி வளர்ந்த கத்தரினும் ஹீத்கிளிஃபும் தமையன் தங்கை மாதிரித்தானே என்று இங்குள்ள மூத்த வாசகர்கள் சங்கடப்படுவார்கள். அந்தச் சங்கடத்தைப் பழமைவாதம் என்று ஒதுக்கக் கூடாது. இறந்த மகனின் பெயரை அவனுக்குச் சூட்டிய எழுத்தாளர் அதைத் தெரிந்தேதான் வைத்திருக்கிறார்.

வெறுக்கிறவர்களின் பக்கத்திலும் முழு நியாயம் இருக்கிறது. மூன்றாம் அத்தியாயத்தில், கிரேஞ்சுக்கு வாடகைக்கு வந்த லொக்வூட் கனவில் ஒரு சிறுமியின் மணிக்கட்டை உடைந்த கண்ணாடியில் இரத்தம் வரத் தேய்க்கிறான். ஒன்பதாம் அத்தியாயத்தில் வெறியில் ஹின்ட்லி தன் சின்னப் பிள்ளை ஹேர்ட்டனை மாடிப்படியிலிருந்து நழுவ விடுகிறான், கீழே தற்செயலாக ஏந்திப் பிடிப்பது ஹீத்கிளிஃப். பன்னிரண்டில் இசபெல்லாவின் நாய்க்குட்டி கைக்குட்டையில் தூக்கப்பட்டுக் கிடக்கிறது. பதினேழில் அவள் மீது மேசைக் கத்தி வீசப்படுகிறது. வீட்டுக்குள் அடி உதை கண்டு வளர்ந்த ஒருவரிடம் எதுவும் சொல்லாமல் இந்தப் புத்தகத்தைக் கொடுப்பது தவறு. இந்த நான்கு அத்தியாய எண்களையும் முதலே சொல்லிவிடுங்கள், வாசிப்பதா விடுவதா என்று அவரே தீர்மானிக்கட்டும்.

கதை சொல்லும் நெல்லியைப் பற்றியும் வாக்குவாதம் வரும், வர வேண்டும். ஹீத்கிளிஃபைக் கட்டினால் தனக்கு இழிவு என்று கத்தரின் சொல்லும்போது அவன் மறைவில் இருந்து கேட்டு எழும்பிப் போவதை நெல்லி கண்டவள், அந்த நேரம் வாய் திறக்கவில்லை. கத்தரின் மூன்று நாள் கதவைச் சாத்திச் சாப்பிடாமல் கிடந்ததையும் எட்கருக்குச் சொல்லவில்லை. நல்ல வேலைக்காரி என்று முதல் வாசிப்பில் தோன்றுகிறவள், இரண்டாம் வாசிப்பில் குற்றத்தில் பங்காளியாகத் தெரிவாள். அவளை நம்பித்தான் மற்ற எல்லோரையும் எடைபோட்டோம் என்பது அப்போது உறைக்கும்.

இனி வாங்குவது பற்றி. 1847 பதிப்பு அச்சுப் பிழைகள் மலிந்தது. 1850இல் ஷார்லட் பிழை திருத்தியதோடு நிற்காமல் சிறு பந்திகளை ஒன்றோடொன்று இணைத்தார், வேலைக்காரக் கிழவன் ஜோசஃபின் யோர்க்ஷயர் கொச்சையையும் இளக்கினார். இன்றைய பதிப்புகள் இந்த இரண்டில் ஒன்றைப் பின்பற்றுகின்றன. கடையில் நின்றபடியே கண்டுபிடிக்கலாம்: இரண்டாம் அத்தியாயத்தில் ஜோசஃப் முதன்முதல் வாய் திறக்கும் இடத்தில், 'டவுன்' என்ற சொல் டி-ஏ-எச்-என் என்று இருந்தால் 1847 வழி, வழமையான எழுத்துக்கூட்டில் இருந்தால் 1850 வழி. தனியாக முதன்முறை வாசிப்பவருக்கு 1850 போதும், புரொஜெக்ட் குட்டன்பேர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் பிரதியும் அந்த வகைதான். ஆசிரியர்களும் பரீட்சைக்குப் படிப்பவர்களும் குறிப்புகளோடு கூடிய 1847 வழிப் பதிப்பை எடுப்பது நல்லது. குறிப்பில்லாத 1847 வழிப் பிரதி வேண்டாம், ஜோசஃபின் பேச்சில் முட்டிப் பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

கூட்டாக வாசிக்கிறவர்களுக்கு வேறொரு சிக்கல் வரும். மூலத்தில் முதற் தொகுதிக்கு 14 அத்தியாயம், இரண்டாவதற்கு 20. சில பதிப்புகள் இரண்டாம் தொகுதியை மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுகின்றன. 'இந்தக் கிழமை இருபதாம் அத்தியாயம் வரை' என்று சொன்னால் ஒருவர் பாதியில் நிற்பார், மற்றவர் முடித்துவிட்டு வருவார். சம்பவத்தை வைத்துச் சொல்லுங்கள். எங்களுடைய பிரிப்பு ஐந்து கிழமைக்கானது: 1 முதல் 3 வரை லொக்வூட்டின் இரண்டு வருகைகள், 9 முடிய, ஹீத்கிளிஃப் ஓடிப்போவது வரை, 17 முடிய, ஹின்ட்லியின் சாவு வரை, 28 முடிய, எட்கரின் சாவு வரை, கடைசியாக 34. மூன்றாம் கிழமையைப் பதினாறில் நிறுத்தாமல் பதினேழுக்கு இழுத்ததற்குக் காரணம் உண்டு. பதினாறில் விட்டால் அழுகையோடு விடுவார்கள், திரும்பி எடுப்பது கடினம். பதினேழின் முடிவில் வீடு கைமாறிவிட்டது, பிள்ளை ஹேர்ட்டனுக்கு என்ன நடக்கும் என்ற கேள்வி அடுத்த கிழமைக்குக் கூட்டிவரும். நான்காம் கிழமைதான் பாரமானது. சின்ன லின்டனின் சிணுங்கலும் கடிதங்களும் 21 முதல் 24 வரை அலுப்புத் தட்டும். அந்த இடத்தை வேகமாகக் கடக்கலாம், ஆனால் 24இல் ஒரு சிறு காட்சியைத் தவறவிடாதீர்கள், கீழே வருகிறேன்.

வாசிக்கத் தொடங்குமுன் ஒரு தாளை எடுத்து வம்சத்தை எழுதிக்கொள்ளுங்கள். இடப்பக்கம் ஏர்ன்ஷோ: ஹின்ட்லி, கத்தரின். வலப்பக்கம் லின்டன்: எட்கர், இசபெல்லா. நடுவில், யாரோடும் கோடு போடாமல், ஹீத்கிளிஃப். கீழ் வரிசைப் பிள்ளைகளை வாசிக்க வாசிக்கச் சேருங்கள். இந்தத் தாள் இல்லாமல் தடுமாறுவது வாசகரின் குற்றமல்ல: இரண்டு கத்தரின், லின்டன் ஒருவருக்குக் குடும்பப் பெயர், இன்னொருவருக்கு முதற்பெயர். லொக்வூட்டே இரண்டாம் அத்தியாயத்தில் யார் யாருக்கு மனைவி என்று தொடர்ந்து பிழையாகத்தான் ஊகிக்கிறான். மூன்றாம் அத்தியாயத்தில் ஜன்னல் பலகையில் கத்தரின் ஏர்ன்ஷோ, கத்தரின் ஹீத்கிளிஃப், கத்தரின் லின்டன் என்று கீறியிருப்பதைத் தாளின் மேல் மூலையில் எழுதி வையுங்கள். கடைசி வந்ததும் அதை வலமிருந்து இடமாக வாசித்துப் பாருங்கள், மகளின் வாழ்க்கை அந்த ஒழுங்கில்தான் போகிறது.

தலைப்பில் உள்ள 'வதரிங்' புயற்காற்றின் அமளிக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் சொல்லும் சொல் என்று முதல் அத்தியாயமே விளக்குகிறது. வடகாற்றுக்கு ஒரே பக்கம் சாய்ந்துபோன மரங்களையும் காட்டுகிறது. வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று காற்றுக்குக் காற்று பெயர் வைத்திருக்கிற கரையில் இருப்பவர்களுக்கு இதற்கு அடிக்குறிப்பு வேண்டாம். மாரிக்குள் வாசித்தால் இன்னும் நல்லது.

சொல்வதாகச் சொன்ன காட்சி: வீட்டு வாசலுக்கு மேலே 'ஹேர்ட்டன் ஏர்ன்ஷோ, 1500' என்று பொறித்திருக்கிறது. முந்நூறு வருடமாக அது அவனுடைய குடும்பத்தின் பெயர், அவனுடைய பெயரும்கூட. எழுத்தறிவு மறுக்கப்பட்டு வளர்ந்தவன், 24ஆம் அத்தியாயத்தில் கத்திக்கு முன்னால் அந்தப் பெயரைத் தட்டுத்தடுமாறி வாசித்துக் காட்டுகிறான். இலக்கங்கள் என்னவென்று அவள் கேட்க, அது இன்னும் தெரியாது என்கிறான், அவள் சிரிக்கிறாள். 32ஆம் அத்தியாயத்தில் அதே கத்தி அவனுக்குப் பக்கத்தில் இருந்து வாசிக்கச் சொல்லிக் கொடுக்கிறாள். இந்த நாவல் முழுக்க இருட்டு என்று சொல்லிப் பாதியில் புத்தகத்தைத் திருப்பித் தருகிறவரிடம் வாதாட வேண்டாம், ஹேர்ட்டன் அந்த வாசலை வாசித்த இடத்துக்கு வந்தீர்களா என்று மட்டும் கேளுங்கள். வரவில்லை என்றால் புத்தகத்தை இன்னும் இரண்டு கிழமைக்கு அவரிடமே விட்டுவிடுங்கள்.