புகைப் பரிசோதனைக்கு முன் எரியும் இன்ஜின் லைட்: ப்ளூடூத் ஓபிடி ஸ்கேனரின் நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

கைக்கு அடக்கமான ப்ளூடூத் ஸ்கேனரை வாங்குபவர்களில் பலர், டேஷ்போர்டில் எரியும் மஞ்சள் இன்ஜின் லைட்டை அணைக்க மட்டுமே வாங்குகிறார்கள். பரிசோதனைக்கு முந்தின நாள் அதைச் செய்வதுதான் இருப்பதிலேயே மோசமான யோசனை. ஓபிடி (வண்டி தன் பழுதைத் தானே கண்டறியும் அமைப்பு) சாக்கெட்டில் கருவியை மாட்டிப் பார்க்கும் பரிசோதனையில் லைட்டும் எரர் கோடும் (வண்டி பதிவு செய்யும் பழுது எண்) மட்டும் பார்க்கப்படுவதில்லை. கேட்டலிஸ்ட் (புகையைச் சுத்தமாக்கும் கன்வெர்ட்டர்), ஆக்சிஜன் சென்சார், டேங்க் ஆவிக் கசிவு போன்றவற்றுக்கு வண்டி தானே நடத்தும் சுயசோதனைகள் முடிந்துவிட்டனவா என்றும் பார்ப்பார்கள். ‘கிளியர்’ அழுத்தினால் கோடோடு சேர்ந்து அந்தச் சுயசோதனைகளும் ‘முடியவில்லை’ நிலைக்குப் போய்விடும். பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினாலும் இதே கதைதான். புதிய மாடல்களில் ‘நிரந்தரக் கோடு’ என்று ஒன்று உண்டு. ஸ்கேனரால் அதை அழிக்கவே முடியாது. பழுது சரியாகி, வண்டி தன் சோதனையை ஓட்டிப் பார்த்துத் தேறினால்தான் அது போகும்.

ஆகவே ஸ்கேனரை மாட்டியதும் எதையும் அழிக்காமல் மூன்றைப் பதிவு செய்துகொள்ளுங்கள்: பதிவான கோடு, பென்டிங் கோடு (இன்னும் உறுதியாகாத பழுது), ஃப்ரீஸ் ஃப்ரேம். கடைசியாகச் சொன்னதை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. எங்கே தேடுவது என்பதற்கான பாதி விடை அங்கேதான் இருக்கிறது. பழுது பதிவான நொடியில் ஆர்பிஎம், லோடு, கூலன்ட் வெப்பம், ஃபியூவல் டிரிம் (வண்டியின் கணினி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) எல்லாம் எவ்வளவு இருந்தன என்று அது காட்டும்.

பி0171 கோடு வந்தால் கலவையில் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். இன்ஜின் நன்றாகச் சூடானபின் லாங் டேர்ம், ஷார்ட் டேர்ம் டிரிம் இரண்டையும் கூட்டிப் பாருங்கள். கூட்டல் 10 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. ஐடிலில் 20-க்கு மேல் இருந்து, 2,500 ஆர்பிஎம்மில் 5-க்கு இறங்கினால் இன்டேக் பக்கம் எங்கோ காற்றுக் கசிவு: வெடித்த வேக்கம் ஹோஸ், பிசிவி குழாய் (இன்ஜின் உள் ஆவியை இன்டேக்குக்கு விடுவது), மேனிஃபோல்டு கேஸ்கட். ஐடிலில் சரியாக இருந்து, ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஏறினால் ஃபியூவல் பம்ப், ஃபில்டர், அழுக்கேறிய ஏர் ஃப்ளோ சென்சார் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். ஏர் ஃப்ளோ சென்சாரை அதற்கென விற்கும் ஸ்பிரேயால் மட்டுமே சுத்தம் செய்ய வேண்டும். கார்ப் கிளீனர் அதைக் கெடுத்துவிடும்.

அதிகம் பணம் வீணாவது பி0420-இல். ‘கேட்டலிஸ்ட் திறன் குறைவு’ என்று திரையில் வந்ததும் கன்வெர்ட்டரையே மாற்றிவிடுகிறார்கள், அல்லது பின்பக்க ஆக்சிஜன் சென்சாரை மாற்றி அதிர்ஷ்டம் பார்க்கிறார்கள். முதலில் சூடான இன்ஜினை 2,500 ஆர்பிஎம்மில் இரண்டு மூன்று நிமிடம் பிடித்து, கன்வெர்ட்டருக்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு ஆக்சிஜன் சென்சார்களின் வரைபடத்தையும் ஒரே திரையில் வையுங்கள். முன்பக்க சென்சார் 0.1-க்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஓயாமல் ஆட வேண்டும், பின்பக்கம் 0.6, 0.7 வாக்கில் அசையாமல் நிற்க வேண்டும். பின்பக்கமும் முன்பக்கத்தைப் போலவே ஆடினால் கேட்டலிஸ்ட் தேய்ந்துவிட்டது எனலாம். ஆனால் தீர்ப்பு எழுதுமுன் எக்ஸாஸ்ட் இணைப்புகளில் கரி படிந்திருக்கிறதா, குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும்போது ‘டிக் டிக்’ சத்தம் வருகிறதா என்று பாருங்கள். அந்த ஓட்டை வழியே உள்ளே புகும் காற்று, நல்ல கன்வெர்ட்டரையும் கெட்டதாகக் காட்டும். முன்பக்கம் ஏர்-ஃபியூவல் சென்சார் உள்ள வண்டிகளில் இந்த ஆட்டம் தெரியாது. அங்கே பின்பக்க சென்சாரின் வரைபடத்தை மட்டும் கவனித்தால் போதும். இன்ஜின் ஆயில் குடிக்கிறது என்றால் புதிய கன்வெர்ட்டரும் நீண்ட நாள் தாங்காது.

லைட் விட்டு விட்டு எரிந்தால் அது கடுமையான மிஸ்ஃபயர் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது). எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும், வண்டியை ஓரங்கட்டுங்கள். பி0301 (முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர்) என்றால் முதல் சிலிண்டரின் இக்னிஷன் காயிலை மூன்றாவதுக்கு மாற்றிப் போடுங்கள். கோடு பி0303 ஆனால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று அந்த வரிசையில் போகலாம். டேங்க் ஆவிக் கசிவுக் கோடுகளுக்கு மூடியின் ரப்பர் வளையத்தை முதலில் பாருங்கள்.

பழுதைச் சரிசெய்தபின் ஒரே ஒருமுறை அழித்துவிட்டு ஓட்ட வேண்டும். இரவு முழுக்கக் குளிர்ந்த இன்ஜின், கால் பங்கிலிருந்து முக்கால் பங்குக்குள் பெட்ரோல். கிளப்பி இரண்டு மூன்று நிமிடம் ஐடில், பிறகு சீராக 80–90 கிலோமீட்டர் வேகத்தில் பத்துப் பதினைந்து நிமிடம், பிறகு பிரேக் தொடாமல் காலை எடுத்து வேகம் தானே குறைய விடுங்கள். இதை இரண்டு மூன்று முறை. மாடலுக்கு மாடல் நிபந்தனை மாறும், மேனுவலில் இருந்தால் அதுவே சரி. டேங்க் ஆவிச் சோதனைதான் கடைசியில் முடியும், சில நாள் இழுக்கும். எவ்வளவு ஓட்டினாலும் எதுவுமே முடியவில்லையென்றால் கூலன்ட் வெப்பத்தைப் பாருங்கள்: நெடுஞ்சாலையிலும் 70 டிகிரியைத் தாண்டாவிட்டால் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கிறது; அது மாறும்வரை பல சோதனைகள் தொடங்கவே தொடங்காது.

இனி கருவியைப் பற்றி. இஎல்எம்327 என்பது இத்தகைய ஸ்கேனர்களுக்குள் இருக்கும் சிப்பின் பெயர். ‘இஎல்எம்327 வி1.5’ என்று விற்கப்படுவது எல்லாமே நகல். அசல் நிறுவனம் 1.5 என்ற பதிப்பை வெளியிட்டதே இல்லை. நகல் என்பதற்காக ஒதுக்க வேண்டியதில்லை, கோடு படிக்க அது போதும். லைவ் டேட்டாவில்தான் திணறும்: ஒரே நேரத்தில் நான்கு அளவீடுகள் கேட்டால் வரைபடம் படிக்கட்டு மாதிரி வரும், எனவே இரண்டிரண்டாகப் பாருங்கள். ஐபோனுக்குச் சாதாரண ப்ளூடூத் மாடல் ஒத்துவராது, வைஃபை அல்லது பிஎல்இ (குறைந்த மின்சாரத்தில் இயங்கும் ப்ளூடூத் வகை) மாடல் வேண்டும். ஏபிஎஸ், ஏர்பேக் கோடுகளைப் பொதுவான செயலிகள் காட்டுவதில்லை. சாக்கெட்டின் 16-ஆம் பின்னில் சாவி போடாவிட்டாலும் மின்சாரம் இருக்கும். வாரக்கணக்கில் நிற்கும் வண்டியில் மாட்டியபடியே விட்டால் பேட்டரி இறங்கிவிடும். அடிக்கடி பிடுங்கி மாட்டினால் சாக்கெட் பின்கள் தளர்ந்து இணைப்பு நடுவில் அறுபடும், நேராக இழுத்துக் கழற்றுங்கள்.